இறுதிச் சடங்கை மொத்தமாகப் பேசி எடுப்பவர்கள்: முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

சென்னையில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், உறவினர்கள் வந்து சேரும் முன்பே ஏதாவது ஒரு கைபேசி எண் வந்து சேர்ந்துவிடுகிறது. குடியிருப்பின் காவலாளி கொடுப்பார், இல்லையென்றால் குளிர்பெட்டி கொண்டுவருபவர் கொடுப்பார். அழைத்தால், "நீங்கள் எதையும் யோசிக்க வேண்டாம் சார், முழுப் பேக்கேஜ், எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று மிகப் பணிவாகப் பேசுவார்கள். என் அம்மாவின் இறுதிக் காரியத்தை அப்படி ஒரு நிறுவனம் ஏற்று நடத்தியது. அதிகமாகப் பணம் பிடுங்கினார்கள் என்பது உண்மை. ஆனால் என் நெஞ்சை இன்னும் அறுப்பது பணம் அல்ல. எங்கள் வீட்டுப் பெண்கள் தங்கள் கையால் செய்ய வேண்டியதை அவர்களைச் செய்யவிடாமல் தடுத்துவிட்டு, அதற்கும் சேர்த்து ரசீது போட்டார்கள்.

எங்கள் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அங்கே ஒரு மரணத்தில் யார் எதைச் செய்ய வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். குடத்தை எடுத்துக்கொண்டு உறவினர்கள் கிணற்றடிக்கோ ஆற்றுக்கோ போவார்கள். தலைக்கு மேல் நான்கு பேர் வேட்டியை விரித்துப் பிடித்து வர, அந்த நீரைக் கொண்டுவந்து குளிப்பாட்டுவார்கள். நீர்மாலை என்பது அதுதான். இறந்தவர் பெண் என்றால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வந்தாக வேண்டும். அதன் பிறகு சம்பந்தி வீட்டுக் கோடி, மற்றவர்கள் கோடி. பிறகு வாய்க்கரிசி. பேரன் பேத்திகள் சுற்றி நின்று நெய்ப்பந்தம் பிடிப்பார்கள். மகன் கொள்ளிக்குடத்தைத் தோளில் வைத்துச் சுற்றி வருவான். ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் ஒரு துளை விழும். ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி இவை மாறும். எதுவானாலும், இவற்றில் கூலிக்காரரின் வேலை மிகக் குறைவு. அண்ணன் வீட்டுக்கு ஒரு பங்கு, பேத்திக்கு ஒரு பங்கு, பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு பிடி அரிசி என்று துக்கத்தை எல்லோரும் கையால் தொட்டுப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது.

நிறுவனத்திலிருந்து வந்தவர்கள் விடிந்ததும் விடியாததுமாக வேலையைத் தொடங்கிவிட்டார்கள். "இடம் போதவில்லை, பெண்கள் எல்லாரும் உள்ளறைக்குப் போங்கள்" என்று கதவைச் சாத்தினார்கள். நீர்மாலைக்காகக் குடத்தோடு நின்றிருந்த என் அத்தை, "தம்பி, நாங்கள்தான் குளிப்பாட்ட வேண்டும்" என்றார். "இங்கே கிணறு எங்கே இருக்கிறது அம்மா? அதெல்லாம் இந்தப் பேக்கேஜில் கிடையாது" என்று பதில் வந்தது. கிணறே வேண்டியதில்லை, கீழ்த்தளத்துக் குழாயில் பிடித்தால் போதும் என்று அத்தை சொன்னது அவர்கள் காதில் விழவில்லை. கதவு திறந்தபோது அம்மாவை ஈரத்துணியால் துடைத்து, பளபளவென்ற ஒரு செயற்கைப் பட்டுச் சேலையைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். அம்மா வாழ்நாளில் அப்படி ஒரு சேலையைத் தொட்டதில்லை. "இதுதான் கோடி, ஆயிற்று" என்றார் அவர்களின் மேற்பார்வையாளர்.

மாமா அப்போது நெல்லை எக்ஸ்பிரஸில் எழும்பூர் வந்து இறங்கியிருந்தார். ஆட்டோவில் வந்துகொண்டிருக்கிறார், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டோம். வண்டிக்கு அடுத்த வாடகை இருக்கிறது, தாமதம் ஆனால் காத்திருப்புக் கட்டணம் என்றார்கள். மாமா தெருமுனையில் இறங்கும்போது அம்மாவை ஊர்தியில் ஏற்றிவிட்டார்கள். அவர் கையில் ஒரு மஞ்சள் பை. உள்ளே அரக்கு நிறச் சுங்குடிச் சேலை, விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல். எழுபதைத் தாண்டிய மனிதர், ஊர்தியின் பின்கதவுப் படியில் ஒரு காலை வைத்து ஏறி, தங்கையின் கால்மாட்டில் அதை விரித்தார். சரியாக விரித்து முடிப்பதற்குள், "போதும் பெரியவரே, இறங்குங்கள்" என்றது ஒரு குரல். அந்தக் குரலுக்குரியவரை நான் மன்னிக்கப் போவதில்லை.

நாங்கள் கேட்காத ஒரு புரோகிதரையும் அழைத்து வந்திருந்தார்கள். எங்கள் வழக்கத்தில் மந்திரமோ தானமோ கிடையாது. சங்கும் ஒப்பாரியும்தான். "உங்கள் சமூகத்தில் இது கட்டாயம் சார், செய்யாவிட்டால் ஆத்மா சாந்தி அடையாது" என்று எங்கள் வழக்கத்தை எங்களுக்கே கற்பித்து, தானம் என்ற பெயரில் தனியாக வாங்கினார்கள். அழுதுகொண்டிருப்பவரிடம் ஆத்மா சாந்தியைச் சொல்லி மிரட்டுவது மிக இழிவான வியாபாரம்.

கேட்க வேண்டியதை மட்டும் கேட்கவே இல்லை. அம்மாவின் மார்பில் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டிருந்தது. தகன வெப்பத்தில் அதன் மின்கலம் வெடிக்கும். எரிவுலைக்கும் அருகில் நிற்பவர்களுக்கும் ஆபத்து. எரிப்பதற்கு முன் அதை அகற்றியே தீர வேண்டும். இறுதிச் சடங்கையே தொழிலாகச் செய்கிறவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்? மயானத்து ஊழியர்தான், "உடம்பில் கருவி ஏதாவது வைத்திருக்கிறார்களா?" என்று விசாரித்தார். பிறகு மருத்துவரைத் தேடிப் பிடித்து, அகற்றி முடியும்வரை வெயிலில் காத்திருந்தோம். அந்த நேரத்துக்கும் ஊர்திக்காரர்கள் காத்திருப்புக் கட்டணம் போட்டார்கள்.

இனி பணக் கணக்கு. பேசியது 28,000 ரூபாய். கடைசியில் நீட்டிய தாளில் 61,500. அதில் 'மயானக் கட்டணம்' 6,500. பெருநகர சென்னை மாநகராட்சியின் மயானங்களில் தகனத்துக்கும் அடக்கத்துக்கும் கட்டணமே கிடையாது. இதை எனக்குச் சொன்னவரும் அதே மயானத்து ஊழியர்தான். கோடிச் சேலைக்கு 4,800. இறப்புச் சான்றிதழ் 'ஏற்பாட்டுக்கு' 3,000. மயானத்தில் கொடுத்த சீட்டை அவர்களே வாங்கி வைத்துக்கொண்டு, மீதிப் பணம் வந்தால்தான் தருவோம் என்றார்கள். அந்தச் சீட்டு இல்லாமல் பதிவுக்கு அலைய நேரிடும் என்ற பயத்தில் என் தம்பி முழுத் தொகையையும் கைபேசியிலேயே அனுப்பினான். ரசீது என்று தந்ததில் முகவரியும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை.

இந்த நிலைமையில் இருக்கும் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், இறப்புப் பதிவுக்கு இடைத்தரகர் வேண்டாம். வீட்டில் இறந்தால், கடைசியாகப் பார்த்த மருத்துவரிடம் இறப்புக்கான காரணத்தைக் குறிப்பிட்டுச் சான்று வாங்குங்கள். அதுவும் இறந்தவரின் ஆதார் அட்டையும் மயானத்தில் கேட்பார்கள். மருத்துவமனையில் இறந்தால் பதிவுக்குத் தகவல் கொடுப்பது அவர்கள் பொறுப்பு. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, 21 நாட்களுக்குள் தெரிவித்தால் தாமதக் கட்டணம் கிடையாது. சென்னையில் சான்றிதழை மாநகராட்சி இணையதளத்திலேயே காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். மயானச் சீட்டை உங்கள் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் நேராகக் கையில் வாங்குங்கள். அரசு மருத்துவமனையில் இறந்தவரைக் கொண்டுசெல்ல இலவச அமரர் ஊர்தி இருக்கிறது, எண் 155377. குளிர்பெட்டி, வண்டி, பந்தல், நாற்காலி எல்லாம் தனித்தனியாக வாடகைக்குக் கிடைக்கும்; அக்கம்பக்கத்தில் விவரம் தெரிந்த இருவர் போதும்.

வேறு வழியின்றி ஒரு நிறுவனத்தைத்தான் அழைக்க வேண்டும் என்றால், எது அடங்கும், எது அடங்காது என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிய பிறகே முன்பணம் கொடுங்கள். குளிப்பாட்டுவது யார், யாருக்காகக் காத்திருக்க வேண்டும், புரோகிதர் வேண்டுமா வேண்டாமா என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பேசுவதற்கு வீட்டு ஆண்களை மட்டும் அனுப்பாதீர்கள். முறை தெரிந்த அத்தையோ பெரியம்மாவோ பக்கத்தில் உட்காரட்டும். அவர்கள் வாயில் வராத சடங்கு எதுவும் உங்களுக்குக் கட்டாயம் இல்லை. சடங்கே வேண்டாம் என்று இறந்தவர் சொல்லியிருந்தால், அதையும் அழுத்திச் சொல்லுங்கள். கண்தானம் செய்ய விருப்பம் இருந்தால் ஆறு மணி நேரத்துக்குள் கண் வங்கிக்குத் தகவல் போக வேண்டும். எங்களிடம் அந்தப் பேச்சையே அவர்கள் எடுக்கவில்லை.

கருமாதியை நாங்களே ஊரில் வைத்துச் செய்தோம். அத்தை சொல்லச் சொல்லப் பேத்திகள் எல்லாவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்துவிட்டேன். "பில்லில் தவறு இருந்தால் ஐந்தாயிரம் திருப்பித் தருகிறோம், புகாரைத் திரும்பப் பெறுங்கள்" என்று அந்த மேற்பார்வையாளர் தொலைபேசியில் பேசினார். மறுத்துவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம், வழக்கறிஞர் இல்லாமலும் வாதாடலாம். உங்களிடமும் 'மயானக் கட்டணம்' என்று எழுதிய தாள் ஏதாவது இருந்தால் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். அதையும் பணம் அனுப்பிய விவரத்தையும் எடுத்துக்கொண்டு நீங்களும் புகார் கொடுங்கள்.