5,300 பாட் வாங்கிக்கொண்டு 1,000 பாட் முத்திரை குத்திய விசா ஏஜென்ட்: தாய்லாந்தில் வேலை பார்க்கும் டீச்சர்கள் கவனத்துக்கு

தாய்லாந்தில் இங்கிலீஷ் டீச்சராக இருந்துகொண்டு, பெரிய லீவுக்கு ஊருக்குப் போய்த் திரும்புகிற எல்லாருக்கும் இந்தப் பதிவு. மொத்தமாக எனக்குப் போனது 26,300 பாட். நம்ம காசுக்கு 65,000 ரூபாய்க்கு மேல். ஆட்டையைப் போட்டது பாங்காக்கில் தமிழிலேயே பேசி ஆள் பிடிக்கிற ஒரு விசா சர்வீஸ் ஏஜென்சி. பெயர் போடவில்லை. போட்டால் பதிவைத் தூக்க வைக்கத்தான் முதலில் ஓடுவார்கள்.

விஷயம் புரியாதவர்களுக்காகக் கொஞ்சம். நான்-பி எனும் வேலை விசாவில் வந்து பள்ளியில் சேர்ந்த பிறகு இமிகிரேஷனில் 1,900 பாட் கட்டி, தங்கும் அனுமதிக்கு ஒரு வருட எக்ஸ்டென்ஷன் வாங்குகிறோம். அந்த எக்ஸ்டென்ஷன் கையில் இருந்தாலும், திரும்பி உள்ளே வருவதற்கான ரீ-என்ட்ரி பெர்மிட் இல்லாமல் நாட்டை விட்டு வெளியே கால் வைத்தால் அந்த நிமிடமே அது செத்துப்போகும். மிச்சம் எத்தனை மாதம் இருந்தாலும் கணக்கில் வராது. பெர்மிட்டில் இரண்டு வகை. சிங்கிள் 1,000 பாட்: ஒரு முறை போய் ஒரு முறை வரலாம், அதோடு முடிந்தது. மல்டிப்பிள் 3,800 பாட்: எக்ஸ்டென்ஷன் தேதி முடியும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம், வரலாம். டிஎம் 8 படிவம் ஒன்று, 4×6 செ.மீ. போட்டோ ஒன்று, பாஸ்போர்ட், அதன் நகல்கள். அவ்வளவுதான் வேலை. இதற்கு ஏஜென்டே தேவையில்லை. ஆனால் பாங்காக் இமிகிரேஷன் ஆபீஸ் இருக்கும் செங் வத்தனா அரசு வளாகத்தில் டோக்கன் எடுத்து உட்கார்ந்தால் ஒரு வேலை நாள் போய்விடும், பள்ளியில் லீவு கிடைக்காது. அந்த இடத்தில்தான் இவர்கள் பிழைப்பு நடத்துகிறார்கள்.

டிசம்பர் 2024-இல் எக்ஸ்டென்ஷன் போட்ட கையோடு மல்டிப்பிளுக்குப் பணம் கொடுத்தது. அரசுக் கட்டணம் 3,800, சர்வீஸ் 1,500, ஆக 5,300 பாட். க்யூஆர் ஸ்கேன் செய்தால் கம்பெனி பெயர் வரவில்லை, ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. கேட்டதற்கு, "அது நம்ம அக்கவுன்டன்ட் தம்பி, டாக்ஸுக்காக அப்படி" என்றார் ஏஜென்ட். பாஸ்போர்ட் திரும்பி வந்த அன்று அதை விரித்து, முத்திரை மேல் கட்டைவிரலை அழுத்தி வைத்துக்கொண்டு, "இதோ பாரு, ரீ-என்ட்ரி. எத்தனை தடவை வேணா ஊருக்குப் போயிட்டு வா. நம்ம ஊர்ப் புள்ளைக்கு நான் செய்யாம வேற யாரு செய்வா?" என்று சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. கையில் கொடுத்தது அவர்களே அச்சடித்த ஒரு சின்னத் துண்டுச் சீட்டு. அதில் பேனாவால் "மல்டி 3,800 + ச. 1,500". இமிகிரேஷன் ரசீது எங்கே என்றால், "அதெல்லாம் ஃபைலுக்குப் போயிடும்."

அந்தக் கட்டைவிரலுக்கு அடியில் இருந்த சொல் சிங்கிள்.

வருடக் கடைசியில் மலேசியாவின் பினாங்குக்கு ஒரு குட்டிப் பயணம். அதிலேயே அந்தச் சிங்கிள் தீர்ந்துவிட்டது. திரும்பி வரும்போது அதிகாரி பழைய டிசம்பர் 2025 தேதியையே போட்டு உள்ளே விட்டதால் சந்தேகமே எழவில்லை. ஏப்ரலில் ஊருக்குக் கிளம்பும்போதும் இமிகிரேஷன் கவுன்டரில் ஒரு வார்த்தை கிடையாது. அவர்கள் வேலை வெளியேறும் முத்திரை குத்துவது, அதைக் குத்தி அனுப்பினார்கள்.

உண்மை வெளிவந்தது மே மாதம், சென்னை விமான நிலையச் செக்-இன் கவுன்டரில். அங்கே இருந்த பெண் பாஸ்போர்ட்டை இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், இது சிங்கிள், ஏற்கெனவே யூஸ் ஆயிடுச்சு. ரிட்டர்ன் டிக்கெட் காட்டுங்க" என்றார். வேலைக்குத் திரும்புகிறவனிடம் ஏது ரிட்டர்ன் டிக்கெட்? கவுன்டர் மூடுவதற்குள் போனிலேயே பாங்காக்கிலிருந்து கோலாலம்பூருக்கு ஒரு டிக்கெட் போட வேண்டியதாயிற்று. 2,100 பாட் தண்டம். பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்கினால், கிடைத்தது அப்போது இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இருந்த, 2024 ஜூலையில் அறிவித்த 60 நாள் விசா இல்லாத அனுமதி. அதாவது சுற்றுலாப் பயணி. டிசம்பர் வரை இருந்த எக்ஸ்டென்ஷன் போயே போய்விட்டது.

சுற்றுலாப் பயணியாக வந்தவரை வகுப்பில் நிற்க வைத்தால் பள்ளிக்கும் வம்பு, டீச்சருக்கும் வம்பு. மே 16-இல் பள்ளி திறந்தது, சம்பளப் பட்டியலில் பெயர் இல்லை. டிஎம் 87 படிவம் போட்டு உள்நாட்டிலேயே நான்-பி வாங்க 2,000 பாட். தங்கும் அனுமதியில் குறைந்தது 15 நாள் மிச்சம் இருந்தால்தான் அந்த விண்ணப்பத்தையே எடுப்பார்கள். பள்ளி லைசென்ஸ் நகல், ஒப்பந்தம், டிகிரி என்று எல்லாக் காகிதமும் முதலிலிருந்து. அதில் 90 நாள்தான் கிடைக்கும், ஒரு வருடத்துக்கு மறுபடி 1,900. சம்பளம் இல்லாமல் போன அரை மாதத்துக்கு 15,000. கூட்டிப் பாருங்கள்: 5,300 + 2,100 + 2,000 + 1,900 + 15,000. இருபத்தாறாயிரத்து முந்நூறு பாட். வொர்க் பெர்மிட் செலவைப் பள்ளியே பார்த்துக்கொண்டதால் அது இதில் இல்லை.

ஏஜென்ட் அண்ணனிடம் லைன் (LINE) ஆப்பில் கேட்டபோது வந்த பதில்கள், வரிசையாக:

முதலில் கும்பிடு போடும் ஒரு கரடி ஸ்டிக்கர். பிறகு, "ஆபீசர் மாத்திக் குத்திட்டாரு போல, விசாரிக்கிறேன்." அடுத்து விடுமுறை. மே மாதம் தாய்லாந்தில் முடிசூட்டு நாள், ஏர்பூட்டு விழா, விசாக பூச்சை என்று அரசு விடுமுறைகள் அடுத்தடுத்து வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு "ஆபீஸ் லீவு தம்பி". விடுமுறை எல்லாம் தீர்ந்ததும், "நீங்க அப்பவே செக் பண்ணியிருக்கணும் சார்." இதே கேள்வியோடு இங்கேயும் சிலர் வருவீர்கள் என்று தெரியும். 1,500 பாட் சர்வீஸ் சார்ஜ் வாங்குவதே அதைச் செக் பண்ணத்தானே? வேறு எதற்கு அந்தக் காசு?

மல்டிப்பிளுக்கு வாங்கிய 3,800-இல் 1,000 கட்டிவிட்டு மீதி 2,800 எங்கே என்றதற்கு, "அது ஆபீஸ் செலவு." அரசு ரசீதின் படத்தையாவது அனுப்புங்கள் என்றதும் பிளாக். கடைசியாக அவருடைய உதவியாளர் வேறு நம்பரிலிருந்து ஒரு சலுகையோடு வந்தார்: புது எக்ஸ்டென்ஷனை அவர்களிடமே போட்டால் 500 பாட் தள்ளுபடியாம். 26,300 பாட்டை விழுங்கிவிட்டு 500 தள்ளுபடி! எந்த முகத்தோடு இதைக் கேட்கிறார்கள்?

நுகர்வோர் பாதுகாப்பு வாரிய ஹாட்லைன் 1166-இல் புகார் கொடுத்தாயிற்று. தனி ஆள் கணக்குக்குப் போன பணம், அரசு ரசீது கையில் இல்லை. பெரிதாக நம்பிக்கை இல்லை.

விரிவாக எழுதத்தான் நினைத்தேன், எழுத எழுத ஆத்திரம்தான் வருகிறது. அவசரமாகச் சில:

ரீ-என்ட்ரியை ஏஜென்ட்டிடம் கொடுக்காதீர்கள். செங் வத்தனாவுக்குப் போக நேரமில்லையா, ஊருக்குக் கிளம்பும் அன்று சுவர்ணபூமியிலேயே ரீ-என்ட்ரி கவுன்டர் இருக்கிறது. கொஞ்சம் முன்னதாகப் போங்கள், போட்டோவும் நகல்களும் ரொக்கமும் கையில் இருக்கட்டும். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவைதான் வெளியே போவீர்கள் என்றால் ஒவ்வொரு முறையும் சிங்கிள் போட்டாலே 3,800-ஐ விட மலிவு.

அப்படியும் ஏஜென்ட்தான் என்றால், இமிகிரேஷன் ரசீதின் அசல் வராமல் சர்வீஸ் காசு கொடுக்காதீர்கள். ரசீது தாய்லாந்து மொழியில்தான் இருக்கும், வருடம் பௌத்த ஆண்டுக் கணக்கில் 2567, 2568 (அதாவது 2024, 2025) என்று வரும், ஆனால் தொகை எண்ணில் இருக்கும். 3,800 என்று இருக்க வேண்டிய இடத்தில் 1,000 இருந்தால் அங்கேயே பிடித்துக்கொள்ளலாம்.

புது எக்ஸ்டென்ஷன் போட்டால் பழைய மல்டிப்பிள் கூடவே வராது. பழைய எக்ஸ்டென்ஷனோடு அதுவும் காலி. திரும்பவும் போட வேண்டும். லீவுக்கு நடுவில் எக்ஸ்டென்ஷன் தேதி முடிகிறதா என்று டிக்கெட் போடுவதற்கு முன்னால் பாருங்கள்.

2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் வர டிஜிட்டல் வருகை அட்டை நிரப்ப வேண்டும். வந்திறங்குவதற்கு முன் மூன்று நாளுக்குள், அரசுத் தளத்தில். அது முழுக்க இலவசம். அதற்கும் இதே ஏஜென்சி இப்போது 300 பாட் வாங்குகிறது.