பைத்தான் பேக்கேஜுக்குள் இருக்கும் கோப்பைப் படிக்க எந்த வழி?

பைத்தானில் எழுதும் நிரல் கொஞ்சம் வளர்ந்ததும் நிரல் அல்லாத கோப்புகளும் அதோடு சேர்ந்துவிடும். ஒரு சொற்பட்டியல், ஒரு எச்டிஎம்எல் டெம்ப்ளேட், ஒரு எழுத்துரு என்று ஏதாவது ஒன்று. எழுதியவரின் கணினியில் எல்லாம் ஒழுங்காக ஓடும். இன்னொருவர் பைத்தானின் நிறுவும் கருவியான பிப் வழியாக நிறுவி ஓட்டினால், கோப்பைக் காணவில்லை என்று பிழை வரும். இந்தக் கோப்புகளைப் படிக்கப் பைத்தானில் பல வழிகள் உண்டு. அவற்றில் எதை எடுக்கலாம் என்பதில் எனக்குத் தெளிவான கருத்து இருக்கிறது. ஆனால் மற்ற வழிகள் ஏன் வந்தன, எங்கே தடுமாறுகின்றன என்று தெரிந்தால்தான் அந்தக் கருத்து பயன்படும்.

ஒரு கற்பனைப் பேக்கேஜை வைத்துப் பேசுவோம். தமிழ் உரையைச் சொற்களாகப் பிரிக்கும் சின்ன நூலகம். அதற்குள் ‘டேட்டா’ என்று ஒரு கோப்புறை, அதில் நிறுத்தச்சொற்களின் (‘ஒரு’, ‘என்று’ போல ஆய்வில் ஒதுக்கிவிடும் சொற்கள்) பட்டியல் ஒரு டெக்ஸ்ட் கோப்பாக இருக்கிறது.

முதலில் ஒன்றை ஒதுக்கிவிடலாம். ஓப்பன் என்று போட்டு ‘டேட்டா’வில் தொடங்கும் பாதையை அப்படியே கொடுப்பது. இது பேக்கேஜ் இருக்கும் இடத்தைப் பார்ப்பதில்லை, நிரலை எந்தக் கோப்புறையிலிருந்து ஓட்டுகிறீர்களோ அங்கே தேடும். குறித்த நேரத்தில் நிரலை ஓட்டும் கிரான் வழியாக ஓட்டினால் தேடும் இடமே மாறிவிடும். இதை ஒரு போட்டியாளராகவே நான் எண்ணுவதில்லை.

உண்மையான முதல் போட்டியாளர் டண்டர் ஃபைல், அதாவது இருபுறமும் இரட்டை அடிக்கோடு போட்டு எழுதும் ஃபைல் என்ற மாறி. ஒவ்வொரு மாட்யூலும் தான் எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்பதை அந்த மாறியில் வைத்திருக்கும். பாதைகளைக் கையாளும் பாத்லிப் மாட்யூலைக் கொண்டு அதன் தாய்க் கோப்புறையை எடுத்து, ‘டேட்டா’வைச் சேர்த்தால் முழுப் பாதை கிடைத்துவிடும். ஒரே வரி. படிப்பவருக்கும் உடனே புரியும். இதைத் தவறு என்று சொல்லிக் கடந்து போவது நியாயமில்லை. பிப் ஒரு வீல் கோப்பை (நிறுவத் தயாராகக் கட்டிய பேக்கேஜ்) நிறுவும்போது அதை வட்டில் பிரித்துப் போட்டுவிடுகிறது. அதனால் பெரும்பாலான சர்வர்களில் டண்டர் ஃபைல் ஆண்டுக்கணக்கில் சிக்கலில்லாமல் ஓடும். வெளியே யாருக்கும் கொடுக்காத, ஒரே டாக்கர் இமேஜுக்குள் ஓடும் நிரலுக்கு இது போதும் என்பேன்.

சிக்கல் வருவது நிரல் வட்டில் கோப்பாக இல்லாதபோது. சிப் கோப்புக்குள்ளிருந்தே மாட்யூலை இம்போர்ட் செய்யும் வசதி பைத்தானில் 2.3 பதிப்பிலிருந்தே உண்டு. 3.5-இல் அப்படிக் கட்டித் தரும் சிப்ஆப் வந்தது. முழு நிரலையும் ஒரே கோப்பாகக் கட்டி அனுப்புகிறவர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள். அப்படிக் கட்டினால் டண்டர் ஃபைல் தரும் பாதையின் நடுவில் ஒரு சிப் கோப்பின் பெயர் உட்கார்ந்திருக்கும். ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு அப்படி ஒரு கோப்புறையே கிடையாது. அப்புறம், ஒரு மாட்யூலுக்கு டண்டர் ஃபைல் இருந்தே ஆக வேண்டும் என்று மொழி உறுதி தரவும் இல்லை. நூலகம் எழுதுகிறவருக்கு, தன் பேக்கேஜை யார் எப்படிக் கட்டுவார்கள் என்று முன்கூட்டியே தெரியாது. எனவே நூலகத்துக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்தது பைத்தானோடு வரும் பிகேஜியூடில் மாட்யூல் தரும் கெட் டேட்டா. பேக்கேஜின் பெயரையும் கோப்பின் பெயரையும் கொடுத்தால் பைட்டுகள் வரும். சிப்புக்குள்ளிருந்தும் படிக்கும். அவ்வளவுதான் இதன் திறன். கோப்புறையில் என்னென்ன இருக்கின்றன என்று பட்டியல் தராது, பாதையும் தராது. மாட்யூலை ஏற்றும் லோடர் இந்த வசதியை ஆதரிக்காவிட்டால் பிழை எழுப்பாமல் நன், அதாவது ‘எதுவும் இல்லை’ என்ற மதிப்பைத் திருப்பி அனுப்பும். அந்த நன் நான்கு வரிகள் தள்ளி வேறொரு பிழையாக வெடிக்கும்போது காரணம் தேடுவது சிரமம்.

பேக்கேஜ் கட்டும் கருவியான செட்டப்டூல்ஸோடு வந்த பிகேஜி ரிசோர்சஸ் பல ஆண்டுகள் இந்த வேலைக்கு எல்லோரும் நம்பிய வழி. கோப்பு சிப்புக்குள் இருந்தால் அதை ஒரு கேஷ் கோப்புறையில் பிரித்து வைத்து உண்மையான பாதையைத் தரும் அளவுக்கு அது வசதியானது. ஆனால் அதை இம்போர்ட் செய்த கணமே, நிறுவியிருக்கும் எல்லாப் பேக்கேஜுகளையும் தேடிப் பட்டியலிடத் தொடங்கும். ஒரு சின்னக் கமாண்ட் லைன் கருவி உதவிக்குறிப்பைக் காட்டுவதற்கே தாமதமாகும். 2023-இல் அது கைவிடப்படுவதாகச் செட்டப்டூல்ஸ் எச்சரிக்கை காட்டத் தொடங்கியது. அதே ஆண்டு வந்த பைத்தான் 3.12-இல், புதிதாக உருவாக்கும் வென்வுக்குள் (ஒரு திட்டத்துக்கென்று தனியாக வைக்கும் பைத்தான் சூழல்) செட்டப்டூல்ஸ் தானாக நிறுவப்படுவதும் நின்றது. பழைய நிரல் புதிய வென்வில் இம்போர்ட் வரியிலேயே விழுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். புதிதாக எழுதும் எதற்கும் இதைத் தொட வேண்டாம்.

இனி இம்போர்ட்லிப் ரிசோர்சஸ். 2018-இல் பைத்தான் 3.7-இல் ஸ்டாண்டர்ட் லைப்ரரிக்குள் வந்தது. இம்போர்ட் முறையே கோப்பையும் தேடித் தரட்டும் என்பது இதன் அடிப்படை. மாட்யூல் எங்கிருந்து வந்ததோ அங்கிருந்தே கோப்பும் வரும். 3.9-இல் சேர்ந்த ஃபைல்ஸ் என்ற ஃபங்ஷனுக்குப் பேக்கேஜின் பெயரைக் கொடுத்தால் பாத்லிப் போலவே நடந்துகொள்ளும் ஒரு பொருள் கிடைக்கும். சாய்கோடு போட்டு ‘டேட்டா’வுக்குள் போகலாம், உள்ளே இருப்பவற்றைப் பட்டியலிடலாம், பைட்டாகவோ உரையாகவோ படிக்கலாம்.

முதல் பதிப்பில் ஒரு தொல்லை இருந்தது. ‘டேட்டா’ கோப்புறையும் ஒரு பேக்கேஜாக இருக்க வேண்டும் என்பதால் உள்ளே வெறும் டண்டர் இனிட் கோப்பு ஒன்றைப் போட வேண்டியிருந்தது. நேர மண்டலத் தரவைச் சுமக்கும் டிஇசட்டேட்டா பேக்கேஜைப் பிரித்துப் பார்த்தால் ஏஷியா போன்ற கோப்புறைகளுக்குள் அந்தக் கோப்பை இன்றும் காணலாம். விண்டோஸில் பைத்தானின் நேர மண்டல மாட்யூலான சோன்இன்ஃபோவிடம் ஏஷியா/கொல்கத்தா என்று கேட்டால் அது இந்த வழியாகத்தான் தரவை எடுக்கிறது. ஃபைல்ஸ் வந்த பிறகு நம் நூலகத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

ஏபிஐ அலைந்து திரிந்தது பற்றி எனக்கு வருத்தம் உண்டு. 3.7-இன் ரீட் டெக்ஸ்ட் போன்ற ஃபங்ஷன்களை 3.11-இல் கைவிடப் போவதாக அறிவித்தார்கள். 3.13-இல் பெரும்பாலானவற்றை மீண்டும் ஏற்றுக்கொண்டார்கள். இடையில் நிரலை மாற்றி எழுதியவர்களின் உழைப்பை யார் கணக்கில் வைப்பது? ஃபைல்ஸ் வழியை மட்டும் பிடித்துக்கொண்டால் இந்த அலைச்சல் உங்களைத் தொடாது. 3.8-இன் ஆதரவுக் காலம் 2024-இலேயே முடிந்துவிட்டதால் பழைய பதிப்புகளுக்காகத் தயங்கவும் தேவையில்லை.

தேர்வு செய்யும் முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: உங்களுக்குக் கோப்பின் உள்ளடக்கம் வேண்டுமா, வட்டில் அதன் பாதை வேண்டுமா? உள்ளடக்கம் போதும் என்றால் ஃபைல்ஸோடு வேலை முடிந்தது. சி மொழியில் எழுதிய பல நூலகங்கள் பாதையைத்தான் கேட்கும். அப்போது இதே இம்போர்ட்லிப் ரிசோர்சஸ் தரும் ஆஸ் ஃபைல் என்பதை வித் வாக்கியத்தோடு பயன்படுத்த வேண்டும். கோப்பு ஏற்கெனவே வட்டில் இருந்தால் அதே பாதையைத் தரும். சிப்புக்குள் இருந்தால் தற்காலிகக் கோப்பாக நகலெடுத்துத் தந்து, வித் முடிந்ததும் அழித்துவிடும். இங்கேதான் பலர் இடறுகிறார்கள். வித்துக்குள்ளிருந்து பாதையை மட்டும் திருப்பி அனுப்பும் ஃபங்ஷன் வட்டில் நிறுவியவரிடம் ஓடும், சிப்பில் ஓட்டுபவரிடம் விழும். எஸ்எஸ்எல் சான்றிதழ்களைச் சுமக்கும் சர்டிஃபை இந்தச் சிக்கலை நன்றாகத் தீர்த்திருக்கிறது. பாதை நிரலின் ஆயுள் முழுக்க வேண்டும் என்பதால், வித் வாக்கியம் இல்லாமலே அந்தக் கான்டெக்ஸ்டைத் திறந்து வைத்து, நிரல் முடியும் நேரத்தில் மூடும்படி அட்எக்சிட்டில் பதிந்துவிடுகிறது.

தமிழ்க் கோப்புகளைச் சுமப்பவர்களுக்கு இன்னொரு கவனம் வேண்டும். 3.7-இன் பழைய ரீட் டெக்ஸ்ட் ஃபங்ஷன், நாம் எதுவும் சொல்லாவிட்டால் யூடிஎஃப்-8 என்று எடுத்துக்கொள்ளும். ஃபைல்ஸ் தரும் பொருளின் ரீட் டெக்ஸ்ட் அப்படியில்லை, ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் லோக்கேலை, அதாவது மொழி, எழுத்துக் குறியீட்டு அமைப்பைப் பார்க்கும். விண்டோஸில் அது பெரும்பாலும் சிபி1252. யூடிஎஃப்-8-இல் தமிழ்ப் புள்ளியின் மூன்றாவது பைட் 8டி. சிபி1252-இல் அந்த எண்ணுக்கு எழுத்தே ஒதுக்கப்படவில்லை. ஆகவே ஒரே ஒரு மெய்யெழுத்து இருந்தாலும் பட்டியல் முழுவதும் படிக்கப்படாமல் யூனிகோட் பிழை வரும். பைத்தான் 3.15-இல் யூடிஎஃப்-8 இயல்பாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அதுவரைக்கும், அதற்குப் பிறகும் பழைய பதிப்புகளை ஆதரிக்கும் வரைக்கும், என்கோடிங்கைக் கையால் எழுதிவிடுங்கள்.

சரி, ஃபைல்ஸுக்கு மாறியும் கோப்பைக் காணோம் என்றால்? அநேகமாகக் கோப்பு வீலுக்குள் போகவே இல்லை. எடிட்டபிள் முறையில் (நகலெடுக்காமல் மூல நிரலையே சுட்டும்படி) நிறுவி வேலை செய்பவருக்கு இது கண்ணில் படாது, ஏனெனில் அவருடைய பைத்தான் மூலக் கோப்புறையையே நேரடியாகப் பார்க்கிறது. செட்டப்டூல்ஸில் பேக்கேஜ் டேட்டா பகுதியில் கோப்பு வகையைச் சொல்லியிருக்க வேண்டும், அல்லது மேனிஃபெஸ்டில் சேர்த்திருக்க வேண்டும். இன்னொரு கட்டும் கருவியான ஹேட்ச் தானாகச் சேர்த்துக்கொள்ளும், ஆனால் கிட் கவனிக்காமல் விட வேண்டியவற்றின் பட்டியலான கிட்இக்னோரில் உள்ளதை விட்டுவிடும். பில்டின்போது உருவாக்கும் சொற்பட்டியல் பெரும்பாலும் கிட்இக்னோரில்தான் இருக்கும்.

வீல் என்பதே ஒரு சிப் கோப்பு. வெளியிடும் முன் பைத்தானின் சிப்ஃபைல் மாட்யூலைக் கொண்டே அதன் உள்ளடக்கத்தைப் பட்டியலிட்டு, டெக்ஸ்ட் கோப்பின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு புதிய வென்வில் அந்த வீலை நிறுவி, திட்டத்தின் கோப்புறைக்கு வெளியே போய் நின்று ஒருமுறை ஓட்டுங்கள். நிரல் மாறும்போதெல்லாம் தானாகச் சோதனை ஓட்டும் சிஐயில் இந்த இரண்டு படிகளையும் சேர்க்கச் சில வரிகளே பிடிக்கும்.