கோச்சா, மென்டரா, மூணு நாள் ட்ரெயினிங்கா, இல்ல நம்ம வட்டமா? ஒரு கோத்தகிரி கணக்கு

"எனக்கு ஒரு கோச் வச்சிருக்கேன் மாமா"ன்னு வீட்ல சொன்னப்ப மாமா கேட்டாரு, "எந்த கோச்சு, மேட்டுப்பாளையம் வண்டியிலயா, ரிசர்வேஷன் கிடைச்சுதா?" எல்லாரும் சிரிச்சோம். அப்புறம் தேடிப் பாத்தா மாமா கேட்டது அவ்ளோ தப்பில்ல, ஹங்கேரில கோச்னு ஒரு ஊரு, அங்க செஞ்ச குதிரை வண்டிக்கு அந்த ஊர் பேரு, பின்னாடி 1830 வாக்குல ஆக்ஸ்ஃபோர்டு பசங்க பரீட்சைய தாண்ட வச்சு கூட்டிட்டுப் போற ட்யூஷன் வாத்தியாருக்கு அந்த வண்டிப் பேரையே வச்சுட்டாங்க, அங்க இருந்து விளையாட்டுக்குப் போய் கடைசில கம்பெனி ஆளுங்ககிட்ட வந்து நின்னுருக்கு.

நான் கோத்தகிரி பக்கம் சிறு தேயிலை விவசாயிங்களோட ஒரு உற்பத்தியாளர் கம்பெனில சிஇஓ. பேருதான் பெருசு, பாதி நாள் வேலை "இலை வண்டி எங்க வருது"ன்னு ஃபோன் எடுக்கறது. இந்த மாதிரி கம்பெனில சட்டப்படி இயக்குநர் 5 பேர்ல இருந்து 15 பேர் வரை, அவங்க மெம்பர்கள் தேர்ந்தெடுத்தவங்க, ஷேர் எவ்ளோ வச்சிருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு. அதாவது என்கிட்ட இலை குடுக்கிற ஒவ்வொருத்தரும் எனக்கு மொதலாளி. இத மனசுல வச்சுக்கோங்க, கீழ சொல்றதெல்லாம் இதுல இருந்துதான் வருது. எங்களுக்கு உதவி பண்ற ஒரு ட்ரஸ்ட் "லீடர்ஷிப்புக்கு"ன்னு கொஞ்சம் பணம் ஒதுக்குச்சு, அத எதுல போடறதுன்னு தெரியாம ரெண்டு வருஷத்துல நாலு விதத்தையும் ருசி பாத்துட்டேன். நிறைய பேரு கேக்கறாங்க, அதான் எழுதறேன்.

மொதல்ல கோச்சிங், ஏன்னா அதுலதான் காசும் குழப்பமும் ஜாஸ்தி. எக்ஸிக்யூட்டிவ் கோச்னு சொல்றவரு உங்களுக்கு பாடம் எடுக்க மாட்டாரு, யோசனையும் சொல்ல மாட்டாரு, கேள்வி கேப்பாரு. இது டென்னிஸ்ல இருந்து வந்த முறை, 1970-கள்ல திமோதி கால்வேனு ஒரு அமெரிக்க டென்னிஸ் கோச், ஆட்டக்காரனுக்கு "இப்படி அடி அப்படி அடி"ன்னு சொல்றதவிட பந்த கவனிக்க வச்சா அவனே திருத்திக்கிறான்னு கண்டுபிடிச்சாரு, அத இங்கிலாந்துல ஜான் விட்மோர்னு ஒருத்தர், அவரு பழைய கார் ரேஸ்காரரு, கம்பெனிகளுக்குள்ள கொண்டு போனாரு. என்ன வேணும், இப்ப நிலைமை என்ன, என்னென்ன வழி இருக்கு, எத செய்யப் போறேன்னு நாலு படில போகும் அந்த முறை.

இதுல ஒரு சிக்கல், யாரு வேணா கோச்னு போர்டு மாட்டிக்கலாம், டாக்டர் வக்கீல் மாதிரி நம்ம நாட்டுல லைசென்ஸ் எதுவும் கிடையாது. 1995-ல ஆரம்பிச்ச ஐசிஎஃப்னு (இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷன்) ஒரு உலக அமைப்பு சான்றிதழ் குடுக்குது, அடிப்படைப் படிக்கு 100 மணி நேரம் கோச்சிங் பண்ணிருக்கணும், அடுத்ததுக்கு 500, மேல் படிக்கு 2,500. எனக்கு மொதல்ல மாட்டினவருக்கு இதுல எதுவும் இல்ல, அழகான விசிட்டிங் கார்டு மட்டும் இருந்துச்சு. மொத செஷன்லயே "நீங்க ஃபேக்டரி ஆரம்பிச்சுடுங்க"ன்னு யோசனை சொன்னாரு. டீ ஃபேக்டரி ஆரம்பிக்க எவ்ளோ ஆகும்னு அவருக்கும் தெரியாது, சொல்ற அளவுக்கு எனக்கும் பொறுமை இல்ல.

ரெண்டாவது வந்தவங்க உண்மையான கோச். மணிக்கு 6,000 ரூபா. கிலோ இலை 20 ரூபான்னு வச்சா அது 300 கிலோ இலை, ஒரு அக்கா கையால நாளைக்கு 25 கிலோ பறிச்சா 12 நாள் பறிக்கணும் அந்த ஒரு மணி நேரத்துக்கு! இந்தக் கணக்கு மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்தா மொத ரெண்டு செஷன் எப்படி இருந்திருக்கும்னு நெனச்சுக்கோங்க.

மூணாவதுல அவங்க ஒரு கேள்வி கேட்டாங்க. "உங்க மாசக் கூட்டத்துல கடைசியா உங்களுக்குத் தெரியாத விஷயத்த சொன்னது யாரு?" பதில் இல்ல எனக்கு. ஒரு மணி நேரக் கூட்டத்துல நாப்பது நிமிஷம் நான்தான் பேசறேன், மிச்சத்துல டீ குடிக்கிறாங்க. அடுத்த கூட்டத்துல வாய மூடிட்டு உக்காந்தேன், ஒரே அமைதி, யாரோ "சார் உடம்பு சரியில்லையா"ன்னு கேட்டாங்க. அடுத்த மாசமும் அதே கதை. அதுக்கும் அடுத்த மாசம் பின்னாடி வரிசைல இருந்து ஒரு அக்கா எந்திரிச்சு ஒரு நோட்டு எடுத்தாங்க, ரெண்டு வருஷமா அவங்க எடை போட்ட இலை எவ்ளோ, ஏஜென்ட் பதிஞ்சது எவ்ளோ, மழைக்கு எவ்ளோ ஈரக்கழிவு (இலை ஈரமா இருக்குன்னு எடைல கழிக்கறது), மழையே இல்லாத நாள்ல எவ்ளோ ஈரக்கழிவு, எல்லாம் தேதியோட. கூட்டமே ஆடிப் போச்சு. அந்த நோட்ட வச்சுத்தான் எங்க பக்கம் எடை மெஷின மாத்தினோம், கழிவுக்கு ஒரு வரம்பு வச்சோம்.

இத கோச்சிங்கோட வெற்றின்னு சொல்லலாமான்னு இன்னும் எனக்கு குழப்பம்தான். நோட்டு அக்காவோடது, ரெண்டு வருஷமா எழுதினது அவங்க, நான் செஞ்சதெல்லாம் குறுக்க நிக்காம இருந்தது. ஆனா நான் நகர்றதுக்கு 6,000 ரூபா கேள்வி தேவைப்பட்டுச்சு, அதுவும் உண்மை.

இன்னும் ரெண்டு விஷயம். ட்ரஸ்ட்ல இருந்து "செஷன்ல என்ன பேசினீங்க, ரிப்போர்ட் குடுங்க"ன்னு கேட்டப்ப அந்த கோச் முடியாதுன்னுட்டாங்க, எத்தன செஷன் நடந்துச்சுன்னு மட்டும்தான் சொல்வேன், உள்ள பேசினது அவரோடதுன்னு. காசு குடுக்கறது ஒருத்தர், உக்காந்து பேசறது இன்னொருத்தர்ங்கற இடத்துல இத மொதல்லயே மூணு பேரா உக்காந்து பேசி முடிவு பண்ணிக்கணும், எதுவும் பேசாம ஆரம்பிக்கிற கோச்ச நம்பாதீங்க. இன்னொன்னு மொழி. எல்லாம் இங்கிலீஷ்ல, ஜூம்ல, மிஸ்ட் எறங்கினா நெட்வொர்க் போயிடும், அது கூட பரவாயில்ல, எனக்கு கோபம் தமிழ்லதான் வருது. போர்டு மெம்பர் ஒருத்தர் பேசினது எனக்கு எப்படி வலிச்சுதுன்னு இங்கிலீஷ்ல சொல்லும்போது ஆஃபீஸ் மெயில் மாதிரி ஆயிடுது.

அடுத்து மென்டர். குன்னூர்ல ஒரு ரிட்டயர்டு எஸ்டேட் மேனேஜர், எழுபதுக்கு மேல வயசு, ஃபீஸ் கிடையாது, போகும்போது வர்க்கி வாங்கிட்டுப் போனா போதும். இவரு கேள்வி கேக்க மாட்டாரு, பதில் வச்சிருப்பாரு. குன்னூர் தேயிலை ஏலம் 1963-ல இருந்து நடக்குது, இவருக்கு அதுல முக்காவாசி ஞாபகம் இருக்கும் போல, எந்த சீசன்ல தூள் விலை எறங்கும், எப்ப கவாத்து பண்ணினா அடுத்த வருஷம் இலை எப்ப வரும், எந்த ஃபேக்டரி பணத்த இழுக்கும், இத எந்த கோச்சும் சொல்ல முடியாது. தொழில் தெரியாம முழிக்கிறவங்க கோச்சுக்கு செலவு பண்றது வீண், மொதல்ல இப்படி ஒரு பெரியவர புடிங்க.

ஆனா மனுஷங்கள எப்படி நடத்தறதுன்னு இவருகிட்ட கேட்டேன்னா தொலஞ்சேன். இவரு வளர்ந்தது பெரட்டுக் களத்துல, காலைல வரிசையா நிக்க வச்சு பேர் கூப்பிட்டு இந்த மலை உனக்கு அந்த மலை அவளுக்குன்னு பிரிச்சு விடுற பழக்கம். அந்தப் பெரட்டுல நின்ன வீட்டுப் பொண்ணுதான் இன்னிக்கு எங்க போர்டுல ஓட்டுப் போடறாங்க. "கொஞ்சம் கண்டிப்பா இரு தம்பி"ன்னு அவரு சொன்னத ஒரு தடவ செஞ்சு பாத்தேன், அந்த மாசம் பதினோரு பேரு இலைய வெளி ஏஜென்டுக்குப் போட்டுட்டாங்க.

மூணு நாள் ட்ரெயினிங்க பத்தி சுருக்கமா சொல்றேன். ஊட்டில ஒரு ஹோட்டல், கண்ணக் கட்டிட்டு கயிறப் புடிச்சு நடக்கறது, பேப்பர்ல டவர் கட்டறது, ராத்திரி நெருப்பு போட்டு பாட்டு. சாப்பாடு நல்லா இருந்துச்சு. கீழ இருந்து வந்த ட்ரெயினர் நம்ம மலை ரயில் படத்த ஸ்லைடுல போட்டு "லீடர்னா முன்னாடி இழுக்கற இன்ஜின்"னு சொன்னாரு, எனக்கு வாய் சும்மா இருக்குமா, "சார், கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் ஏத்தத்துல இன்ஜின் பின்னாடி இருந்து தள்ளும் சார், நடுவுல பல்சக்கரம் தண்டவாளத்தப் புடிச்சுக்கும்"னேன். அடுத்த ஸ்லைடு போயிட்டாரு. திரும்பி வந்து ஒரு வாரத்துல எல்லாம் மறந்துடுச்சு. ஒரே லாபம், டீ ப்ரேக்ல மஞ்சூர்க்காரர் ஒருத்தரும் கூடலூர் அக்கா ஒருத்தரும் பழக்கமானாங்க, அதுல இருந்துதான் நாலாவது வந்துச்சு.

நாலாவது எங்க வட்டம். பேரெல்லாம் இல்ல, நாங்க "வட்டம்"னுதான் சொல்றோம். ஆறு பேரு, தேன் விக்கிற குழு, மகளிர் குழு கூட்டமைப்பு, காய்கறி, எங்கள மாதிரி ரெண்டு தேயிலை. மாசம் ஒரு தடவ யாரு வீட்லயாவது. ஒருத்தர் அவரோட சிக்கல சொல்லணும், மொத கால் மணி நேரம் மத்தவங்க கேள்வி மட்டும்தான் கேக்கணும், யோசனை சொன்னா அடுத்த மாசம் பஜ்ஜி செலவு அவங்களுது. (மஞ்சூர்க்காரர் இதுவரைக்கும் நாலு தடவ பஜ்ஜி வாங்கிருக்காரு.)

நாங்களா கண்டுபிடிச்சோம்னு பெருமையா இருந்தோம், பாத்தா 1940-கள்லயே இங்கிலாந்துல ரெக் ரெவான்ஸ்னு ஒருத்தர் நிலக்கரி சுரங்க மேனேஜர்கள வச்சு இதையே செஞ்சிருக்காரு, வெளி நிபுணர கூப்பிடாம ஒரே மாதிரி கஷ்டத்துல இருக்கறவங்க ஒருத்தர ஒருத்தர் கேள்வி கேட்டு கத்துக்கட்டும்னு. அவ்ளோ தூரம் எதுக்கு, நம்ம வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜ்ல முப்படை ஆபீசர்களும் சின்னச் சின்ன குழுவா உக்காந்து வாதாடித்தான் படிக்கறாங்க, அத சிண்டிகேட்னு சொல்வாங்க. உத்தரவு போட்டே பழகின ராணுவத்துக்கே வட்டம் தேவைப்படுது.

சமூக மாற்றம்னு பேச ஆரம்பிச்சா எனக்கு இந்தப் பக்கம் இன்னும் சாயத் தோணுது. அமெரிக்கால டென்னஸி மாநிலத்துல ஒரு மலை மேல ஹைலேண்டர்னு ஒரு பள்ளி, 1932-ல ஆரம்பிச்சது, தொழிலாளிங்களும் கறுப்பின மக்களும் வட்டமா உக்காந்து அவங்கவங்க ஊர் பிரச்சனைய பேசற இடம். ரோசா பார்க்ஸ்னு ஒரு கறுப்பினப் பெண் பஸ்ல வெள்ளைக்காரருக்கு சீட்டு விட்டு எந்திரிக்க மாட்டேன்னது 1955 டிசம்பர்ல, அதே வருஷம் கோடைல அவங்க அந்தப் பள்ளிக்குப் போய் ரெண்டு வாரம் உக்காந்துட்டு வந்தவங்க. திடீர்னு ஒரு நாள் கால் வலில உக்காந்துட்டாங்கன்னு ஸ்கூல்ல கதை சொல்றாங்களே, அதுல இது விட்டுப் போயிடுது. இங்க கூடலூர்ல ஆதிவாசி முன்னேற்ற சங்கமும் ஊர் ஊரா சங்கமா கூடிப் பேசி நில உரிமைக்கு நின்னதுதான், தனி ரூம்ல ஒருத்தர மட்டும் தயார் பண்ணி வந்ததில்ல.

கம்பெனி உலகத்துலயும் பாருங்க, ஸ்டீவ் ஜாப்ஸ், கூகுள் ஆளுங்களுக்கெல்லாம் கோச்சா இருந்த பில் கேம்ப்பெல், அவரு கொலம்பியா யுனிவர்சிட்டி ஃபுட்பால் கோச்சா இருந்தப்ப 12 ஜெயிச்சு 41 தோத்தவரு, அவரே தலைவரோட மட்டும் உக்காராம கூகுள்ல மொத்த டீம் மீட்டிங்லயும் போய் உக்காருவாராம்.

வட்டத்துல ஓட்டை இல்லாம இல்ல. ஆறு பேர்ல ரெண்டு பேரு ஒரே ஃபேக்டரிக்கு இலை போடறோம், விலை பேச்சு வந்தா ரெண்டு பேரும் மேகத்தப் பாப்போம். அப்புறம் இது மலை, இங்க ரகசியம்னு ஒன்னு அரவேணு தாண்டறதுக்குள்ள கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடும். முக்கியமா, நாங்க ஒருத்தர ஒருத்தர் கல்யாணத்துல பாக்கணும், சாவுல பாக்கணும், அதனால முகத்துக்கு நேரா சொல்ல வேண்டியத சொல்ல மாட்டோம். நான் நாப்பது நிமிஷம் பேசறேன்னு இவங்க அஞ்சு பேருக்கும் தெரியும், ஒருத்தரும் சொல்லல, கேட்டா "நீங்க நல்லாத்தான பேசறீங்க"ங்கறாங்க! அத சொல்ல காசு வாங்கற வெளி ஆளு வேணும், கோச்சோட பலம் அதுதான்.

கோச்சோட பலவீனமும் அங்கயே இருக்கு. பத்து செஷன் முடிஞ்சு நான் நல்ல மனுஷன் ஆயிட்டேன்னு வைங்க, நாளைக்கு கோயம்புத்தூர்ல வேற வேலை கிடைச்சு எறங்கிட்டா அந்த அறுபதாயிரமும் என்கூடவே குஞ்சப்பனை தாண்டிப் போயிடும். மெம்பர்களுக்கு மிச்சம் எடை மெஷின்தான். அதோட, இலை விலை என் குணத்தால கொறையல, ஏலம், தூள் தரம், ஃபேக்டரி கணக்கு, இதுல எதுவும் நான் மூச்ச இழுத்து விட்டு கூட்டம் நடத்தினா மாறப் போறதில்ல. கோச்சிங் உலகத்த மாத்தும்னு எழுதறவங்க இத கொஞ்சம் யோசிக்கலாம்.

இப்ப கேக்கறவங்களுக்கு நான் சொல்றது இதுதான். தொழில் தெரியலன்னா பெரியவர், ஃப்ரீ. தனியா இருக்கோம்னு தோணுச்சுன்னா வட்டம், பஜ்ஜி செலவு. நீங்களே குறுக்க நிக்கறீங்களோன்னு சந்தேகம் வந்தா கோச், ஆறு செஷன் போதும், தமிழ்ல பேசறவரா, மணிக்கணக்கு காட்டச் சொல்லி. மூணு நாள் ட்ரெயினிங் யாராவது காசு குடுத்தா போங்க, டீ ப்ரேக்க விட்டுடாதீங்க. ஒன்னே ஒன்னுதான் முடியும்னா நான் வட்டத்தத்தான் எடுப்பேன், அதுவும் ஒரு வெளி ஆள மூணு மாசத்துக்கு ஒரு தடவ உள்ள உக்கார வச்சு.

இந்த வருஷ ட்ரஸ்ட் பணம் வந்திருக்கு. எனக்கு இன்னொரு ரவுண்டுன்னு எழுதி வச்சிருந்தாங்க, நான் பேர மாத்தச் சொல்லிட்டேன். நோட்டு எழுதின அக்கா இப்ப போர்டுக்கு வந்துட்டாங்க, அடுத்த சேர்மன் அவங்கதான்னு பேச்சு. ஆறு செஷன் அவங்களுக்கு, எங்க ஊர் மொழி படுகு தெரிஞ்ச கோச் கிடைச்சா இன்னும் நல்லதுன்னு தேடிட்டிருக்கோம். அக்காகிட்ட சொன்னப்ப அவங்க கேட்ட மொத கேள்வி, "மணிக்கு எவ்ளோ?" சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல, உள்ளுக்குள்ள கிலோ கணக்கு போட்டுட்டிருந்தாங்கன்னு நெனக்கிறேன்.