பொம்மை நுண்ணோக்கியோடு ஆறு ஆண்டுகள்

மகள் தொடக்கநிலை மூன்றில் அறிவியல் படிக்கத் தொடங்கியபோது வாங்கியது. இப்போது அவள் உயர்நிலை மூன்று. மடிக்கணினியில் யூஎஸ்பி கம்பியைச் செருகிப் பார்க்கும் அந்தச் சின்ன நுண்ணோக்கியை இன்னும் வாரம் ஒருமுறையாவது எடுக்கிறோம்.

பெட்டியில் 1000 மடங்கு என்று போட்டிருந்தது. அந்த எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். நாங்கள் ஸ்கேலை அடியில் வைத்து அளந்தோம். முழுசாகப் பெரிதாக்கியபோது 30 செ.மீ. அகலத் திரையில் ஒன்றரை மில்லிமீட்டர் தெரிந்தது. அப்படியென்றால் 200 மடங்கு. அதிலும் மேசையில் கை பட்டாலே படம் ஆடும். எங்களுக்கு உண்மையில் பயன்பட்டது 50, 60 மடங்குதான்.

அந்த அளவில் தமிழ் முரசில் வந்த ஒரு வண்ணப் படத்தை வைத்தோம். முகத்தில் கன்னம் இருந்த இடத்தில் கன்னமே இல்லை! நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நாலே மைகளின் புள்ளிகள். சரி, கைப்பேசித் திரை எப்படி என்று பார்த்தால் அங்கே சிவப்பு, பச்சை, நீலம். மை ஒளியை விழுங்குகிறது, திரை ஒளியைத் தருகிறது, அதனால்தான் இந்த வித்தியாசம் என்று சொன்னதும் அவளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

எனக்குப் பிடித்தது தேக்கா சந்தையில் வாங்கிய கறிவேப்பிலை. மேலிருந்து வெளிச்சம் விழுந்தால் வெறும் பச்சை. கைப்பேசி டார்ச்சை இலைக்கு அடியில் வைத்ததும், நரம்புகளுக்கு நடுவே ஊசியால் குத்தியதுபோல் ஒளி ஊடுருவும் புள்ளிகள். எல்லாம் எண்ணெய்ச் சுரப்பிகள். தாளிக்கும்போது வீடெல்லாம் மணக்கிறதே, அந்த வாசனை இருக்கும் இடம். எலுமிச்சை இலையிலும் இதே புள்ளிகள் உண்டு, இரண்டும் ஒரே குடும்பம்.

நாணயத்துக்கு நேர் வெளிச்சம் கண்ணைக் கூசும். டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள். சிங்கப்பூரின் ஒரு வெள்ளி (டாலர்) நாணயத்தில், சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன் பக்கம் பொடியாகச் செதுக்கிய வாண்டா மிஸ் ஜோக்கிம் பூ நன்றாகத் தெரியும்.

குறைகளும் உண்டு. கணினியை மாற்றியதும் கூட வந்த மென்பொருள் திறக்கவில்லை. விண்டோஸிலேயே இருக்கும் கேமரா செயலி இதை வெப்கேமாக எடுத்துக்கொண்டதால் தப்பித்தோம். அப்புறம் நம் ஊர் ஈரப்பதம். நாலாவது ஆண்டில் வில்லையின் ஓரம் பூஞ்சை பிடித்துப் படம் மங்கியது. அதன்பிறகு மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிறேன்.

வாங்கும்போது தாங்கியைக் கையால் ஆட்டிப் பாருங்கள், உலோகமாக இருந்தால் நல்லது. எங்களுடையது பிளாஸ்டிக். திருகு தளர்ந்து, இப்போது இரண்டு ரப்பர் பேண்டு போட்டுத்தான் நிற்கிறது.