ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் பதினைந்து ஆண்டுகள்: கேட்டவனாக, பதில் சொன்னவனாக, கேள்வியை மூடியவனாக

நிரலாளர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் 2010-ஆம் ஆண்டில் கணக்குத் தொடங்கினேன். முதலில் கேள்வி கேட்பவனாகவும், பிறகு பைத்தான் என்ற நிரல்மொழி தொடர்பான கேள்விகளுக்குப் பதில் எழுதுபவனாகவும், 3,000 புள்ளிகளைக் கடந்த பின் பிறருடைய கேள்விகளை மூடுவதற்கு, அதாவது புதிய பதில்கள் வராமல் நிறுத்துவதற்கு, வாக்களிக்கும் உரிமை பெற்றவனாகவும் அங்கே இருந்திருக்கிறேன். புதிய கேள்விகள் குறைந்து அந்தச் சமூகம் மாறியதற்குக் காரணம் செயற்கை நுண்ணறிவு மட்டுமே என்று பலர் சொல்கிறார்கள். உள்ளே இருந்து பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது.

ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி ஆகிய இருவரும் 2008 செப்டம்பரில் இத்தளத்தைத் திறந்தார்கள். அதற்கு முன்பு ஒரு பிழைச்செய்தியைக் கூகுளில் தேடினால், சந்தா கட்டினால்தான் முழுமையாகத் தெரியும் பதிலோ, பத்துப் பக்கம் நீண்ட உரையாடலின் முடிவில் "சரியாகிவிட்டது" என்று மட்டும் எழுதி, எப்படிச் சரியானது என்பதைச் சொல்லாமல் போனவரின் குறிப்போதான் கிடைக்கும். இங்கே கேள்வி மேலே இருந்தது. அதன் கீழே பதில்கள் வாக்குகளின் வரிசையில் நின்றன. பதிலுக்கு ஒருவர் ஆதரவு வாக்களித்தால் 10 புள்ளிகள், கேட்டவர் ஏற்றுக்கொண்டால் 15, எதிர்வாக்கு விழுந்தால் 2 குறையும். ஒரு பதிலுக்கு எதிர்வாக்களிப்பவரும் தம்முடைய புள்ளிகளில் ஒன்றை இழக்க வேண்டும் என்ற விதியைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். தவறு என்று சொல்பவரும் ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது.

என் முதல் கேள்வியை "சார்" என்று தொடங்கி நன்றியோடு முடித்திருந்தேன். சில நிமிடங்களில் முகமறியாத ஒருவர் இரண்டையும் நீக்கி, தலைப்பைத் திருத்தி, நிரலை ஒழுங்காக அடுக்கிவிட்டுப் போயிருந்தார். வணங்கிவிட்டுக் கேட்பதே முறை என்று வளர்ந்த எனக்கு அது முதலில் திகைப்பாக இருந்தது. அந்தக் கேள்வி எனக்காக மட்டும் அங்கே இல்லை, அதே சிக்கலோடு பின்னால் வரப்போகும் பலருக்காகவும் இருக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது. பிழையைக் காட்டப் போதுமான மிகச் சிறிய நிரலாகச் சுருக்கித் தர வேண்டும் என்ற ஒழுக்கத்தையும் அங்கேதான் கற்றேன். அப்படிச் சுருக்கும்போதே பிழை கண்ணில் பட்டு, கேட்காமலேயே திரும்பிய நாள்கள் பல. போர்த்துகீசியம், ரஷ்யன், ஸ்பானியம், ஜப்பானியம் ஆகிய மொழிகளுக்குத் தனித் தளங்கள் வந்தன; தமிழுக்கு இல்லை. ஆகவே தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் கேட்கும் பயிற்சியும் அதோடு சேர்ந்தே நடந்தது.

மாற்றம் தளத்தின் வெற்றிக்குள்ளேயே இருந்தது. எளிய கேள்விகள் எல்லாம் முதல் சில ஆண்டுகளிலேயே கேட்கப்பட்டுவிட்டன. நிரல் எழுதப் பயன்படும் விம் எடிட்டரிலிருந்து வெளியேறுவது எப்படி என்று 2012-இல் ஒருவர் கேட்ட கேள்வியை 2017-க்குள் பத்து இலட்சம் முறைக்கு மேல் பார்த்திருந்தார்கள். முன்னால் வந்தவர்கள் அத்தகைய கேள்விகளால் புள்ளிகள் சேர்த்து, திருத்தவும் மூடவும் உரிமை பெற்றோம். பின்னால் வந்த மாணவருக்கோ, எதைக் கேட்டாலும் "இது ஏற்கெனவே கேட்கப்பட்டுள்ளது" என்ற பட்டைதான் கிடைத்தது. புதியவர்கள் இங்கே வரவேற்கப்படுவதாக உணரவில்லை என்று 2018 ஏப்ரலில் தளத்தின் நிர்வாகமே வெளிப்படையாக எழுதியது.

அந்தக் குறையில் எனக்கும் பங்கு உண்டு. 2016-இல் சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளிகளால் பிரித்த அட்டவணைத் தரவை) நிரலில் படிப்பது பற்றிய ஒரு கேள்வியை, பழைய கேள்வியின் நகல் என்று கருதி மூட வாக்களித்தேன். நான் சுட்டிய பழைய பதில், கோப்பைப் பைனரி முறையில், அதாவது எழுத்துகளாக அல்லாமல் வெறும் பைட்டுகளாக, திறக்கச் சொன்னது. பழைய பதிப்பான பைத்தான் 2-க்கு அது சரி. கேட்டவர் பயன்படுத்தியதோ பைத்தான் 3; அங்கே அப்படித் திறப்பதுதான் பிழைக்கே காரணம். அவருடைய நோயையே மருந்தாகக் காட்டி அனுப்பியிருக்கிறேன் என்பதைப் பல மாதங்கள் கழித்தே கவனித்தேன். மீண்டும் திறக்க வாக்களித்தேன், பதிலும் எழுதினேன். ஆனால் அந்தக் கணக்கிலிருந்து அதன் பிறகு எந்தக் கேள்வியும் வரவில்லை. தூய்மை காக்கிறோம் என்ற நம்பிக்கையில் இப்படி எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்போம் என்று இன்றும் எண்ணிப் பார்க்கிறேன்.

2021-இல் புரோசஸ் என்ற முதலீட்டு நிறுவனம் தளத்தை 180 கோடி டாலருக்கு வாங்கியது. 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்தது. அதில் உருவாக்கிய பதில்களை இடுவதற்குச் சில நாள்களிலேயே தளத்தில் தடை வந்தது. பார்வைக்குச் செம்மையாகவும் உள்ளே தவறாகவும் இருந்த பதில்களைச் சரிபார்க்க ஊதியமில்லாத தன்னார்வலர்களால் இயலவில்லை. அத்தகைய பதில்களை நீக்குவதைப் பெரிதும் கட்டுப்படுத்தி நிறுவனம் தந்த அறிவுறுத்தலை எதிர்த்து, 2023 ஜூனில் தளத்தின் ஒழுங்கைக் கவனிக்கும் தன்னார்வ மட்டுறுத்துநர்கள் பலர் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2024 மே மாதத்தில் தளத்தின் பதிவுகளைப் பயன்படுத்திக்கொள்ள, சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனத்துடன் ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டபோது சிலர் தங்கள் பதில்களை அழிக்க முயன்றார்கள். நான் அழிக்கவில்லை. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ் எழுதியதை யாரும் எடுத்தாளலாம் என்று ஒப்புக்கொண்டுதான் எழுதினேன். ஆனால் எழுதியவரின் பெயரைச் சுட்ட வேண்டும் என்பதும் அதே உரிமத்தின் நிபந்தனை. உரையாடல் கருவி தரும் விடையில் அந்தப் பெயர் பெரும்பாலும் காணாமல் போவது எனக்கு உண்மையான வருத்தம்.

சிறிய ஐயங்களுக்கு நானும் இப்போது அந்தக் கருவிகளைத்தான் கேட்கிறேன். அவை விரைவானவை, கேட்பவரைத் திருப்பி அனுப்புவதில்லை. அவற்றில் கிடைக்காத ஒன்று, பதிலுக்குக் கீழே வேறொருவர் "புதிய பதிப்பில் இது வேலை செய்யாது" என்று இட்ட இரண்டு வரிக் குறிப்பு. ஏற்கப்பட்ட பதிலைவிட அந்தக் குறிப்பே என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது. புதிய கேள்விகளின் வரத்து மிகவும் சரிந்துவிட்ட நிலையில், இன்று வெளியாகும் ஒரு நிரலகத்தில் (பிறர் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பில்) ஒருவர் கண்டுபிடிக்கும் பிழையும் தீர்வும் அவருடைய தனி உரையாடலிலேயே தங்கிவிடுகின்றன. அடுத்தவர் அதே பிழையை முதலிலிருந்து தேட வேண்டியிருக்கிறது.

இப்போதும் வாரத்தில் ஒரு நாள் போய் வருகிறேன். நகல் என்று வாக்களிப்பதற்கு முன், சுட்டப்பட்ட பழைய பதிலை இன்றைய பதிப்பில் ஒருமுறை இயக்கிப் பார்க்கிறேன். அது வேலை செய்யாவிட்டால், கேள்வியைத் திறந்தே விட்டுவிட்டுப் பதில் எழுத உட்காருகிறேன்.