தரத்தைக் காப்பது யார்? ரசிகர் புனைவுத் தளங்களில் ஒரு நெடுநாள் பயனரின் அனுபவம்

நாவல், திரைப்படம் போன்றவற்றின் பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் எழுதும் கதைகளை வெளியிடும் ரசிகர் புனைவுத் தளங்களைப் பற்றிப் பேச்செழும்போது முதலில் வருவது, எந்தத் தளத்தில் நல்ல கதைகள் கிடைக்கும் என்ற கேள்விதான். பல ஆண்டுகளாக வெவ்வேறு தளங்களில் வாசித்தும், அவ்வப்போது எழுதிப் பதிவேற்றியும் வந்த பிறகு, எனக்கு வேறொரு கேள்வியே முக்கியமாகப் படுகிறது: வேண்டாத கதையை விலக்கவும் வேண்டியதைத் தேடி எடுக்கவும் அந்தத் தளம் என் கையில் என்ன கொடுத்திருக்கிறது? கதையின் தரத்தைத் தளமே சோதித்து உள்ளே விடும் முறையையும், தடைப்பட்டியல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கண்டுகொள்ளாத முறையையும், எதையும் தடுக்காமல் எல்லாவற்றுக்கும் பெயர்ச்சீட்டு ஒட்டச் சொல்லும் முறையையும் நெருங்கிப் பார்த்திருக்கிறேன். மூன்றாவதுதான் என்னை இன்றுவரை தக்கவைத்திருக்கிறது. அதிலும் குறைகள் உண்டு.

முதல் முறை இன்று அரிதாகிவிட்டது. 2000களில் ஒரே மூலப்படைப்புக்கென்று நடத்தப்பட்ட சிறு காப்பகங்கள் பலவற்றில், அனுப்பிய அத்தியாயம் நேரே வெளியாகாது. மட்டுறுத்துநர் ஒருவர் படித்து ஒப்புதல் தரும்வரை வரிசையில் காத்திருக்கும். அப்படியொரு காப்பகத்திலிருந்து எனக்கு வந்த மறுப்பு மடலை இப்போதும் நன்றாக நினைவுகூர முடிகிறது. உரையாடலில் மேற்கோள் குறிக்கு முன் காற்புள்ளி விடுபட்ட இடங்களை அதில் சுட்டியிருந்தார்கள். ஒரே பத்தியில் பார்வைக்கோணம் இருவருக்கிடையே தாவுவதைக் குறித்திருந்தார்கள். அதற்கும் கீழே, மூலத்தில் அளந்து பேசுகிற ஒரு பாத்திரம் என் கதையில் காரணமேயின்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகிறது என்றும், அதற்கான தூண்டுதலைக் கதைக்குள்ளேயே காட்ட வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். ஊதியம் எதுவுமில்லாத ஒருவர், முன்பின் அறியாத ஒருவரின் கதைக்காக இவ்வளவு நேரம் செலவிட்டிருக்கிறார் என்பது இன்று நினைத்தாலும் வியப்பாகத்தான் இருக்கிறது. பதிவேற்றும் முன் பீட்டா வாசகர் (கதையை முன்கூட்டிப் படித்துத் திருத்தம் சொல்பவர்) ஒருவரிடம் படிக்கக் கொடுக்கும் வழக்கம் எனக்கு அங்கேதான் படிந்தது.

ஆனால் எழுத்துப்பிழைக்கும் ரசனைக்கும் இடையிலுள்ள கோடு அந்த முறையில் மிக மெல்லியது. பாத்திரம் தன் இயல்பிலிருந்து விலகிவிட்டது என்று ஒரு மட்டுறுத்துநர் மறுத்த கதையை, வேறொருவர் புதிய வாசிப்பு என்று வரவேற்றிருக்கக்கூடும். மட்டுறுத்துநர்களுக்குப் பிடித்தமான காதலிணைகளை (காதலர்களாகச் சேர்த்து எழுதப்படும் பாத்திர ஜோடிகள்) கொண்ட கதைகள் வரிசையில் விரைவாக நகர்கின்றன என்ற முணுமுணுப்பு ஓயவே இல்லை; உண்மையோ இல்லையோ, அதை மறுத்து நிறுவ வழியும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த முறை உழைப்பைத் தின்கிறது. கதைகள் பெருகப் பெருகத் தன்னார்வலர்கள் களைத்தார்கள், வரிசை நீண்டது, காப்பகம் இயங்கிய வழங்கிக்கு (சர்வர்) பணம் கட்டிவந்தவர் ஒருநாள் விலகினார், காப்பகமும் மறைந்தது. இவ்வாறு அழியவிருந்த காப்பகங்கள் பலவற்றின் கதைகளை ‘ஓப்பன் டோர்ஸ்’ என்ற திட்டம் மீட்டு வேறிடத்தில் சேர்த்திருக்கிறது என்பது ஓர் ஆறுதல்.

1998இல் தொடங்கிய ஃபேன்ஃபிக்‌ஷன்.நெட் தளத்துக்கு வாயிற்காவலே கிடையாது. கணக்கு வைத்திருக்கும் எவரும் பதிவேற்றலாம். ஆனால் எவையெல்லாம் கூடாது என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு: உண்மை மனிதர்களைப் பற்றிய புனைவு, நாடகப் பிரதி வடிவம், பிறர் எழுதிய பாடல் வரிகளைச் சேர்ப்பது, வாசகரை ‘நீ’ என்று முன்னிலையில் நிறுத்தும் கதை, வெறும் ஆசிரியர் குறிப்பை அத்தியாயமாக இடுவது என்று அது நீள்கிறது. எழுத்துப்பிழை திருத்தாமல் பதிவேற்றக்கூடாது என்பதும் அங்கே விதிதான். தளத்தைத் திறந்து எந்த மூலையைப் பார்த்தாலும் அந்த விதியை யாரும் செயல்படுத்துவதில்லை என்பது விளங்கிவிடும். 2002இல் வயது வந்தோருக்கு மட்டுமான உச்சக் குறியீடு கொண்ட கதைகளை அத்தளம் மொத்தமாக விலக்கியது. 2012இல் மீண்டும் பெருமளவில் கதைகள் நீக்கப்பட்டன. விதிமீறலைத் தேடித் தேடிப் புகார் செய்வதையே வேலையாகக் கொண்ட பயனர் குழுக்களும் அங்கே உருவாயின. இந்த முறையில் தரம் உயரவில்லை. அரைகுறைக் கதைகள் பத்திரமாக இருந்தன; பாடல் வரி நான்கு சேர்த்த நல்ல கதை காணாமல் போனது. ஒரு வாசகனாக நான் அங்கே கற்றுக்கொண்ட பழக்கம், பிடித்த கதையை உடனே என் கணினியில் சேமித்துக்கொள்வதுதான்.

நீக்கப்படுவோம் என்ற அச்சமே அடுத்த முறைக்கு வித்திட்டது. 2007 மே மாதத்தில் லைவ்ஜர்னல் என்ற வலைப்பதிவுத் தளத்தின் நிறுவனம் ரசிகர் குழுக்கள் பலவற்றின் கணக்குகளை முன்னறிவிப்பின்றி முடக்கியதும், ரசிகர்களின் எழுத்தை வைத்துப் பணம் பண்ண வணிக நிறுவனங்கள் முயன்றதும், வழங்கியை நாமே வைத்திருக்க வேண்டும் என்ற எண்ணத்தை வலுப்படுத்தின. அதே ஆண்டு தோன்றிய இலாப நோக்கற்ற அமைப்பு ஒன்று, 2009 நவம்பரில் ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் தளத்தைப் பொதுமக்களுக்குத் திறந்தது. விளம்பரம் கிடையாது, செலவு நன்கொடையில் நடக்கிறது, 2019இல் அறிவியல் புனைவு, மிகுபுனைவுத் துறைக்கான ஹியூகோ விருதும் பெற்றது. சட்டத்துக்கு உட்பட்ட ரசிகர் படைப்பு எதுவாயினும் இடமுண்டு, அதன் தரத்தைப் பற்றித் தளத்துக்குக் கருத்தே இல்லை என்பதுதான் அதன் அடிப்படைக் கொள்கை.

கருத்து இல்லை என்றால் ஒழுங்கு இல்லை என்று பொருளல்ல. பதிவேற்றும் படிவத்தைத் திறந்தால், கதையின் முதல் வரியை ஒட்டும் முன்பே எந்த வயதினருக்கு ஏற்றது என்ற குறியீடு, எச்சரிக்கை, மூலப்படைப்பு, மொழி ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டியிருக்கிறது. கட்டாய எச்சரிக்கைகள் நான்கே: கொடூரமான வன்முறைச் சித்திரிப்பு, முக்கியப் பாத்திரத்தின் மரணம், வன்புணர்வு, வயது நிறையாதோர் சம்பந்தப்பட்ட பாலியல். இவற்றில் எதுவுமில்லை என்று சொல்ல ஒரு கட்டம் இருக்கிறது. எச்சரிக்க விரும்பவில்லை என்று சொல்ல இன்னொரு கட்டம் இருக்கிறது. இந்த இரண்டாவது கட்டத்தில்தான் அந்தத் தளத்தின் புத்திசாலித்தனம் முழுவதும் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கதைமுடிவை வெளிப்படுத்த விரும்பாத எழுத்தாளர் அதைத் தேர்ந்துகொள்ளலாம்; வாசகனும் உள்ளே என்ன வேண்டுமானாலும் இருக்கலாம் என்று தெரிந்தே நுழைகிறான். எதுவுமில்லை என்று குறித்துவிட்டுக் கதாநாயகனைக் கொன்றால் மட்டுமே அது விதிமீறல். அப்போதும் கதையை உடனே நீக்காமல், எச்சரிக்கையைத் திருத்தும்படி எழுத்தாளரைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

விருப்பக் குறிச்சொற்களை எழுத்தாளர் தன் போக்கில் எழுதலாம். ஒரே பொருளை ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில் எழுதினாலும், குறிச்சொற்களை ஒழுங்குபடுத்தும் தன்னார்வலர்கள் அவற்றைப் பின்னணியில் ஒரே பொதுச்சொல்லோடு இணைத்துவிடுவதால், வடிகட்டியில் ஒன்றைத் தேர்ந்தால் அத்தனையும் வந்து விழுகின்றன. எழுத்தாளர் இட்ட சொல் மட்டும் திரையில் அப்படியே நிற்கிறது. மறுப்பு மடல் எழுதுவதில் முன்பு கரைந்த தன்னார்வ உழைப்பு இங்கே நூலகரின் உழைப்பாக மாறியிருக்கிறது. இந்தச் சுதந்திரத்தை வைத்து விளையாடியவர்களும் உண்டு. ஒரே கதைக்கு ஆயிரக்கணக்கில் குறிச்சொற்களைக் குவித்து, தேடல் பக்கத்தை உருட்டி உருட்டி விரல் நோகச் செய்த கூத்துக்குப் பிறகு, 2021இல் ஒரு படைப்புக்கு 75 குறிச்சொற்கள் என்று வரம்பு வைத்தார்கள்.

அப்படியானால் நல்ல கதையைக் கண்டுபிடிப்பது எப்படி? வேலை வாசகன் தலையில்தான் விழுகிறது. வாசகர்கள் இடும் ‘குடோஸ்’ என்ற பாராட்டின் எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்துவதே பலரின் வழி. எனக்கு அதில் நம்பிக்கை போய்விட்டது. குடோஸ் என்பது ஒரு சொடுக்கு. கதை பழையதாகவும், காதலிணை பெரும்பாலோர் விரும்புவதாகவும் இருந்தாலே அது ஏறிக்கொண்டே போகும். நான் செய்வது வேறு. விலக்கு பகுதியில் எனக்கு ஒவ்வாதவற்றை இட்டு, முடிந்த கதைகள் மட்டும் என்று குறித்து, சொல் எண்ணிக்கைக்கு ஒரு கீழ்வரம்பு வைத்துவிட்டு, எஞ்சியவற்றின் முன்னுரைச் சுருக்கத்தைப் படிக்கிறேன். தன் கதையை மூன்று வரியில் சொல்லத் தெரிந்தவர் பெரும்பாலும் முப்பதாயிரம் சொல்லையும் சமாளித்துவிடுகிறார். ஒரு கதை பிடித்துவிட்டால், அதே கதையைக் குறித்து வைத்திருக்கும் மற்றவர்களின் பொதுப் புத்தகக்குறிகளைப் போய்ப் பார்ப்பேன். எனக்கு நெடுநாள் நின்ற பரிந்துரைகள் வந்தது அந்த வழியில்தான். விதிகளால் தரத்தைக் காக்க முயன்ற எந்தத் தளமும் இதில் பாதியைக்கூட எனக்குத் தந்ததில்லை.

ஓரிடத்தில் மட்டும் இழப்பு உண்மையானது. பின்னூட்டத்தில் குறை சொல்லும் வழக்கம் ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. கேட்காமல் விமர்சிப்பது நாகரிகக் குறைவு என்பதே இன்றைய பொதுக் கருத்து. எழுதுவதை இலவசமாகத் தருபவரிடம் சிடுசிடுப்பது முறையல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், முன்பு அந்த மறுப்பு மடல் எனக்குச் செய்ததை இதயப் படங்கள் நிறைந்த பின்னூட்டங்கள் இன்று புதிதாக எழுத வருபவருக்குச் செய்யப்போவதில்லை. பீட்டா வாசகரைத் தேடிக்கொண்டவர் தேறுகிறார். மற்றவர் பாராட்டோடு நின்றுவிடுகிறார்.

இந்தத் தளத்தின் புகார் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு கதை வேறொருவருடையதைப் பார்த்து எழுதப்பட்டது என்று புகார் செய்வதானால், இரண்டின் இணைப்புகளையும் பொருந்தும் பகுதிகளையும் அருகருகே காட்ட வேண்டும்; பிடிக்கவில்லை, அருவருப்பாக இருக்கிறது என்பவை புகாராகவே கொள்ளப்படுவதில்லை. பணம் திரட்டும் இணைப்புகளைக் கதைக்குறிப்பில் இடுவதற்கு அனுமதி இல்லை, அதில் நெகிழ்வும் இல்லை. எல்லாமே மனிதத் தன்னார்வலர்கள் படித்து முடிவெடுப்பவை என்பதால் பொறுமை தேவைப்படுகிறது. இடையே, தொந்தரவு செய்பவரைத் தடுக்கவும் மறைக்கவும் பயனருக்கே வசதி தந்தது பெரிய நிம்மதி.

இப்போது இந்த முறையை உண்மையாகச் சோதிப்பது செயற்கை நுண்ணறிவு எழுதும் கதைகள். அவற்றை ஆர்க்கைவை நடத்தும் அமைப்பு தனியே தடைசெய்யவில்லை. எப்படி எழுதப்பட்டது என்பதைத் தீர்ப்பிடும் வேலையை அது ஏற்கவில்லை. பெயர்ச்சீட்டை நம்பி நடக்கும் தளத்தில், சீட்டு ஒட்ட மறுப்பவரை என்ன செய்வது என்பதற்கு இதுவரை விடை இல்லை. வெளிப்படையாகக் குறித்தவற்றை வடிகட்டியில் விலக்கிவிடுகிறேன். குறிக்காதவற்றுக்கு, நான்காம் அத்தியாயத்திலும் முதல் அத்தியாயத்தின் அதே மூன்று உவமைகள் சுற்றி வருகின்றனவா என்று பார்ப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.