பால்கனிக்கு ஒரே செட்டா, கலந்து போடலாமா?

சென்னையில் பால்கனிக்கு இருக்கை தேடிப் போனால், கடையில் முதலில் காட்டுவது செயற்கைப் பிரம்பு செட்டைத்தான். இரண்டு நாற்காலி, நடுவே கண்ணாடி போட்ட சின்ன மேசை. ஒரே நாளில் வேலை முடியும், நிறப் பொருத்தம் பார்க்க வேண்டாம். அதன் பலம் அவ்வளவுதான். நாலடி அகலப் பால்கனியில் அந்தப் பருத்த கைப்பிடிகளே பாதி இடத்தை அடைத்துவிடும். பின்னல் பிளாஸ்டிக் என்பதால் மழைக்கு அசையாது. உள்ளே இருக்கும் சட்டம் இரும்பா அலுமினியமா என்பதுதான் கேள்வி. பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பக்கத்து உப்புக்காற்றில் இரும்புச் சட்டம் பின்னலுக்குள் துருப்பிடிக்கும், கறை வெளியே கசிந்த பிறகுதான் நமக்குத் தெரியும். கடையிலேயே ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். அலுமினியத்தில் ஒட்டாது.

நான் கலந்து போடுகிற கட்சி. ஒரே பால்கனியில்கூட எல்லா மூலைக்கும் ஒரே வெயிலும் ஒரே மழையும் வருவதில்லையே. சாரல் அடிக்கும் ஓரத்துக்கு ஒயர் நாற்காலி போல எதுவும் இல்லை. தண்ணீர் நிற்காது, மே மாதப் புழுக்கத்தில் முதுகுக்குக் காற்று வரும். இதன் சட்டமும் இரும்புக் குழாய்தான், ஆனால் துரு கண்ணெதிரே தெரியும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசி, மேலே பெயின்ட் அடித்தால் போதும். ஒயர் அறுந்தால் மறுபடி பின்னிக்கொள்ளலாம். பார்வையற்றவர்கள் பலர் கைத்தொழிலாகச் செய்யும் வேலை அது.

சுவரோரத்துக்குத் தேக்கு பெஞ்ச். மரத்திலேயே எண்ணெய்ப் பசை இருப்பதால் நனைந்தாலும் தாங்கும். வெயிலில் சாம்பல் நிறமாவது இயல்பு, பயப்பட வேண்டாம். அசல் பிரம்பு கூரைக்கு அடியில் மட்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அதை வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள். கடப்பாக்கல் பெஞ்ச் நிழலான தரைத்தளத்துக்குச் சரி. மொட்டை மாடியில் மத்தியான வெயிலை வாங்கிவைத்துக்கொண்டு மாலையிலும் சுடும்.

கலப்பு சொதப்புவது பெரும்பாலும் உயரத்தில்தான், நிறத்தில் அல்ல. ஒரு மேசையைச் சுற்றிப் போடுபவை எல்லாம் சுமார் 45 செ.மீ. இருக்கை உயரத்தில் இருந்தால், ஒயரும் தேக்கும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம். சாய்வு நாற்காலி அதைவிடத் தாழ்வு. அதை மேசையோடு சேர்க்காமல் தனியாகப் போட்டு, காபி டம்ளர் வைக்க ஒரு முக்காலி கொடுத்துவிடுங்கள்.